ஆறு மாசம் கழிச்சு வாங்க

ரிப்போர்ட் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வாட்ஸ்அப்பில் வந்தது. அப்போது நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். கேமராவை அணைத்துவிட்டு பி.டி.எஃப்.ஐத் திறந்தேன். இரண்டாம் பக்கத்தின் கீழே, தடித்த எழுத்தில்: சி.ஐ.என். 2.

இந்தச் சோதனையை நான் தேடிப்போய் எடுக்கவில்லை. கம்பெனியின் வருடாந்திர ஹெல்த் செக்கப்பில் பாப் ஸ்மியரும் ஒரு வரியாக இருந்தது. காசு கொடுத்தாயிற்றே, விடுவானேன் என்று எடுத்துக்கொண்டேன். அதில் ஏதோ சரியில்லை என்றார்கள். பிறகு எச்.பி.வி. டெஸ்ட், பிறகு கால்போஸ்கோபி, பிறகு அரிசி மணி அளவுக்குச் சதையைக் கிள்ளி எடுத்து பயாப்ஸி. ஒவ்வொரு படியிலும் "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது" என்றார்கள். கடைசிப் படியில் அப்படிச் சொல்லவில்லை.

டாக்டர் நிதானமானவர். பேப்பரில் கர்ப்பப்பை வாயைப் படமாக வரைந்து காட்டினார். "லீப் பண்ணிடலாம். மின்சாரம் பாயுற கம்பி வளையத்தால அந்த இடத்தை மட்டும் வழிச்சு எடுக்கிறது. பதினஞ்சு நிமிஷ வேலை. இல்லன்னா வெயிட் பண்ணலாம், ஆறு மாசம் கழிச்சு வாங்க, திரும்ப பார்ப்போம். உங்களுக்கு வயசு முப்பத்திநாலு, இன்னும் குழந்தை இல்ல, மாற்றம் இருக்கிற எல்லை முழுசா கண்ணுக்குத் தெரியுது. அதனால ரெண்டுமே தப்பில்ல. நீங்கதான் டிசைட் பண்ணணும்."

ரெண்டுமே தப்பில்லை என்பது எவ்வளவு கொடுமையான வாக்கியம் என்று அன்று இரவு கள்ளிக்குப்பம் வீட்டு மொட்டை மாடியில் நின்றபோதுதான் உறைத்தது. ஒன்று தப்பாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

விஷயம் இதுதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றி, அது போகாமல் தங்கி, செல்கள் மெல்ல உருமாறி, பல ஆண்டுகள் கழித்துத்தான் சிலருக்குப் புற்றாகிறது. உருமாற்றத்தை 1, 2, 3 என்று பிரித்திருக்கிறார்கள். ஒன்று பெரும்பாலும் தானாகவே போய்விடும். மூன்றுக்கு யாரும் காத்திருக்கச் சொல்வதில்லை. (மூன்று என்று வந்தவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். நேரே சிகிச்சைக்குப் போங்கள்.) நடுவில் இருக்கும் இரண்டுதான் இழுபறி. அது ஒரு தனி நோய்தானா, அல்லது ஒன்றும் மூன்றும் கலந்த குழப்பமா என்பதிலேயே வல்லுநர்களுக்குள் சண்டை உண்டு. ஒரே கண்ணாடித் துண்டைப் பார்த்து இரண்டு பேத்தாலஜிஸ்டுகள் வேறு வேறு எண் சொல்வது அபூர்வமில்லை.

2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. சி.ஐ.என். 2 இருந்தும் சிகிச்சை எடுக்காமல் கண்காணிக்கப்பட்ட மூவாயிரத்துச் சொச்சம் பெண்களின் கணக்கு அது. இரண்டு ஆண்டில் பாதிப் பேருக்கு மாற்றம் பின்வாங்கியது. 32 சதவீதம் பேருக்கு அப்படியே இருந்தது. 18 சதவீதம் பேருக்கு மூன்றாகவோ அதற்கு மேலோ முற்றியது. முப்பது வயதுக்குக் கீழே என்றால் பின்வாங்கியவர்கள் 60 சதவீதம். எனக்கு முப்பது தாண்டிவிட்டது.

இன்னொரு பக்கம், லீப் செய்தால் அந்த இடத்தில் கொஞ்சம் திசு போகும். எவ்வளவு ஆழமாக எடுக்கிறார்களோ அவ்வளவுக்குப் பின்னால் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கூடும். குழந்தை வேண்டும் என்று நாங்கள் முடிவெடுத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஆக, தானாகவே போயிருக்கக்கூடிய ஒன்றுக்காக இன்னும் வராத ஒரு குழந்தையின் வாரங்களைப் பணயம் வைப்பதா? அல்லது இன்னும் வராத குழந்தைக்காக இருக்கிற என்னைப் பணயம் வைப்பதா?

வீட்டில் யாருக்கும் இந்தக் குழப்பமே இல்லை. அம்மா, "கெட்டதுன்னு தெரிஞ்சப்புறம் உள்ள வச்சிக்கிட்டு என்னடி பண்ணப்போற?" என்றாள். பெரியம்மா ஒரு படி மேலே. அவள் தலைமுறையில் கல்யாண வீட்டில் நாலு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு பேராவது "எனக்கு எடுத்தாச்சு" என்பார்கள், பல் பிடுங்கியதுபோல. கர்ப்பப்பை என்பது அவர்களுக்கு வேலை முடிந்த பாத்திரம். கணவர் மட்டும், "உனக்கு எது சரின்னு படுதோ" என்றார். அந்த நாட்களில் என்னை அதிகம் எரிச்சல்படுத்திய வாக்கியம் அது. பாவம், வேறென்ன சொல்லியிருக்க முடியும்? அவர் மனசில் வேறொரு கேள்வி ஓடியிருக்கும், என் மனசிலும் ஓடியது: இது யாரிடமிருந்து வந்தது? எச்.பி.வி. உடலுறவில் பரவுவது. ஆனால் வருடக்கணக்கில் உடலில் சத்தமில்லாமல் படுத்திருக்கக்கூடியது. உடலுறவு கொள்ளும் ஏறத்தாழ எல்லாரும் வாழ்நாளில் ஒருமுறையாவது வாங்கிக்கொள்வது. யார், எப்போது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பதில் இல்லாத கேள்வி என்று தெரிந்ததும் இருவரும் அதைக் கேட்காமல் விட்டோம். அதில் எங்களுக்கு நல்லதுதான் நடந்தது.

என் தொழிலில் மானிட்டரிங் என்பது தினசரிச் சொல். ஒரு சர்வரில் சின்னக் கோளாறு தெரிகிறது. உடனே கை வைத்தால் வேறெதுவும் உடையலாம். அதனால் பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. எந்த எண்ணைத் தாண்டினால் அலாரம் அடிக்கவேண்டும், அடித்தால் நடுராத்திரி யாருடைய போன் ஒலிக்கவேண்டும், எழுந்தவர் என்ன செய்யவேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருப்போம். இது மூன்றும் இல்லாவிட்டால் அதற்குப் பெயர் மானிட்டரிங் அல்ல. வெறுமனே லாக் எழுதிக்கொண்டிருக்கிறோம், விபத்துக்குப் பிறகு எடுத்துப் படிப்பதற்காக.

இதை நான் வேலையிடத்துச் சாமர்த்தியமாகத்தான் நினைத்திருந்தேன். ஆக்லாந்து கதையைப் படிக்கும்வரை.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நேஷனல் விமன்ஸ் ஹாஸ்பிடல். அங்கே ஹெர்பர்ட் கிரீன் என்ற மகப்பேறு மருத்துவர். கர்ப்பப்பை வாயில் முற்றிய உருமாற்றம் (இன்றைய கணக்கில் சி.ஐ.என். 3) புற்றாக மாறும் என்பதை அவர் நம்பவில்லை. தேவையில்லாமல் பெண்களின் கர்ப்பப்பையை வெட்டி எறிகிறார்கள் என்று அவருக்கு ஆதங்கம். ஆதங்கம் நியாயமானதே. அந்தக் காலத்தில் அப்படித்தான் வெட்டினார்கள், என் பெரியம்மா கேட்டால் இன்றும் வெட்டுவார்கள். 1966இல், மருத்துவமனையின் மூத்த மருத்துவர்கள் ஒப்புதலோடு, சில பெண்களுக்கு முழுச் சிகிச்சை கொடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார் கிரீன். அந்தப் பெண்களுக்குத் தாங்கள் ஓர் ஆராய்ச்சியில் இருக்கிறோம் என்பதே தெரியாது.

அதே மருத்துவமனையில் பில் மெக்கின்டோ, ஜாக் மெக்லீன் என்ற இருவர், ஒருவர் கால்போஸ்கோபி பார்ப்பவர், மற்றவர் பேத்தாலஜிஸ்ட், இது சரியில்லை, பெண்களுக்குப் புற்று வருகிறது என்று சொல்லிப் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை. 1984இல் வேறு இருவரோடு சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார்கள். 948 பெண்களின் கணக்கு. முதல் சிகிச்சைக்குப் பிறகு ஸ்மியர் இயல்பாகிவிட்டவர்களில் 1.5 சதவீதம் பேருக்குத்தான் ஊடுருவும் புற்று வந்தது. ஸ்மியர் தொடர்ந்து மோசமாகவே இருந்த 131 பேரில் 29 பேருக்கு வந்துவிட்டது. 1987இல் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் மெட்ரோ பத்திரிகையில் இதை எழுதியபிறகுதான் நாடு விழித்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988இல் அறிக்கை கொடுத்தார்.

அந்தப் பெண்கள் வராமல் போனவர்கள் அல்ல. இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சொன்ன தேதிக்கு வந்தார்கள், படுத்தார்கள், கால்களை விரித்தார்கள், ஸ்மியர் கொடுத்தார்கள், வீட்டுக்குப் போனார்கள், மறுபடி வந்தார்கள். ஆண்டுக்கணக்காக. அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்திருக்க வேண்டியவர் அதைக் குறித்து வைத்துக்கொண்டிருந்தார்.

காலமறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காத்திருப்பதற்குக் கொக்கை உதாரணம் காட்டுகிறார். கொரட்டூர் ஏரிக்கரையில் கொக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், அது எவ்வளவு பொறுமையான உயிர் என்று. இப்போது அதைத் தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிறேன்.

ஆக்லாந்து தூரம் என்றால் டெல்லி இருக்கிறது. 1976இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இருந்த ஒரு நிறுவனம், கர்ப்பப்பை வாயில் வெவ்வேறு நிலையில் உருமாற்றம் இருந்த 1,158 பெண்களைச் சிகிச்சை தராமல் பின்தொடரத் தொடங்கியது. எத்தனை பேருக்கு முற்றுகிறது, எத்தனை பேருக்குத் தானாகப் போகிறது என்று பார்க்க. முடிவில் 71 பேருக்குப் புற்று. அவர்களில் ஒன்பது பேருக்கு ஊடுருவும் அளவுக்குப் போய்விட்டிருந்தது. 1997இல் இது பத்திரிகைகளில் வெளிவந்தபோது, வாய்மொழியாகச் சம்மதம் வாங்கினோம் என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணிடம் வாங்கும் வாய்மொழிச் சம்மதம் எப்படிப்பட்டது என்று நம் ஊரில் ஆஸ்பத்திரி வரிசையில் ஒருநாள் நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், சி.ஐ.என். 3க்கு ஏன் காத்திருக்கக்கூடாது என்று என் டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடிவது எதனால்? ஆக்லாந்துப் பெண்களால். 2008இல் லான்செட் ஆன்காலஜியில் அவர்களுடைய பதிவேடுகளை மறுபடி எடுத்துக் கணக்குப் போட்டார்கள். வெறும் பயாப்ஸியோடு விடப்பட்டவர்களில் முப்பது ஆண்டுகளில் 31.3 சதவீதம் பேருக்குப் புற்று. ஒழுங்காகச் சிகிச்சை பெற்றவர்களில் 0.7 சதவீதம். உலகில் இந்த எண்ணை வேறு எங்கேயும் நேர்மையான வழியில் பெற்றிருக்க முடியாது. அந்தக் கிளினிக்கில் எனக்கு முன்னால் வைக்கப்பட்ட தேர்வு, தேர்வே கொடுக்கப்படாத பெண்களின் உடலிலிருந்து வந்தது. அந்த எண்ணைப் பயன்படுத்தாமல் இருப்பதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பயன்படுத்தினேன். ஆனால் கூச்சத்தோடு.

மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். கடைசியில் காத்திருக்க முடிவு செய்தேன். காரணம் பாதிக்குப் பாதி என்ற எண் அல்ல. அந்த எண் மூவாயிரம் பேரைப் பற்றியது, அதில் நான் இல்லை. டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்டேன். எது தெரிந்தால் காத்திருப்பை நிறுத்துவோம்? எத்தனை முறைக்கு மேல் காத்திருக்க மாட்டோம்? நான் வராவிட்டால் யார் எனக்குப் போன் செய்வார்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தது. அவருடைய செவிலியர் என் எண்ணை ஒரு நீளமான நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டைப் பார்த்தபிறகு வந்த தைரியம்தான்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு இதை ஒரு நல்ல கட்டுரையாக முடித்திருப்பேன், கீழ்வீட்டு அக்கா போன் செய்யாமல் இருந்திருந்தால்.

அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். நாற்பது சொச்சம் வயது, இரண்டு பிள்ளைகள். என் கதையை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, தானும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனை எடுத்துக்கொண்டாள். அதில் நான் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தச் சோதனையை எப்போதாவது எடுத்தவர்கள் பத்து சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. இந்திய அளவில் இரண்டு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அவளுக்குச் செய்தது வி.ஐ.ஏ. நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது கிட்டத்தட்ட வினிகர். அதைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால் உருமாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். லேப் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம். ஆனால் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் கெட்டதும் அல்ல. "வெள்ளையா தெரியுது" என்று சொல்லி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். முதல் தடவை போனாள், பார்க்கிற டாக்டர் அன்று இல்லை. ஒரு நாள் சம்பளமும் அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸும் போயிற்று. இரண்டாம் தடவை போனபோதுதான் காரிடாரில் நின்று எனக்குப் போன் செய்தாள். காலை பதினொரு மணி.

"இன்னிக்கே சூடு வச்சு சரிபண்ணிடலாம்ங்கறாங்க, ஒரு நிமிஷ வேலையாம். இல்லன்னா சதை எடுத்து அனுப்பி ரிசல்ட் வந்தப்புறம் பாக்கலாமாம். எனக்கு என்னம்மா தெரியும்? நீ படிச்ச பொண்ணு, நீ சொல்லு."

"பண்ணிடுங்கக்கா," என்றேன். ஒரு வினாடிகூட ஆகவில்லை. மீட்டிங் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு மூன்று வாரம். அவளுக்கு ஒரு வினாடி.

அந்தப் பதில் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மருத்துவம் என் பக்கம்தான் நிற்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000க்கும் 2003க்கும் இடையில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. சங்கரநாராயணனும் அவருடைய குழுவும் செய்தது. அம்பிளிக்கையில் உள்ள ஒரு சமுதாய நல மையமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் சேர்ந்திருந்தன. நர்சுகளுக்குப் பயிற்சி கொடுத்து, கிராமத்துக்கே போய், 30 முதல் 59 வயதுப் பெண்கள் 31,343 பேருக்கு வி.ஐ.ஏ. பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அப்போதே அந்த இடத்தை உறையவைத்துச் சிகிச்சை கொடுக்க முன்வந்தார்கள். ஏன் அப்போதே? திரும்ப வரச் சொன்னால் பலர் வரமாட்டார்கள் என்பதால். சிலருக்குத் தேவையில்லாத சிகிச்சை நடக்கும், பரவாயில்லை, விட்டுப்போகிறவர்கள் குறைவார்கள். 2007இல் லான்செட்டில் முடிவுகள் வந்தன. அந்தப் பஞ்சாயத்துகளில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரு டம்ளர் வினிகரும் பயிற்சி பெற்ற ஒரு நர்சும் செய்த வேலை அது. உலக சுகாதார நிறுவனம் இன்று ஏழை நாடுகளுக்குச் சொல்லும் 'பார்த்த உடனே சிகிச்சை' என்ற வழிக்கு அந்த வேலைக்கும் பங்கு உண்டு.

அந்த ஆய்விலும் ஒரு மறுபக்கம் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 30,958 பெண்கள் இருந்த பஞ்சாயத்துகளில் இந்தச் சோதனை நடத்தப்படவில்லை. வழக்கமாகக் கிடைப்பது என்னவோ அது, அதாவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. அங்கே 92 பேர் இறந்தார்கள். இந்தியாவில் நடந்த இப்படிப்பட்ட ஆய்வுகள்மேல் பின்னாளில் கடுமையான விமர்சனம் வந்தது. பலன் தரும் சோதனை உலகில் இருக்கும்போது ஒரு கூட்டத்துக்கு ஒன்றும் கொடுக்காமல் எண்ணலாமா என்று. ஆய்வாளர்கள் பக்கத்துப் பதில்: நாங்கள் போகாவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. இந்தப் பதிலை என்னால் முழுசாக ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. கிரீனோடு இவர்களை ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆனால் அந்த 92 பேரும் ஒருவகையில் காத்திருந்தவர்கள்தான், எதற்காக என்று தெரியாமல்.

இன்னொரு எண்ணும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது, அதை அதிகம் பேர் பேசுவதில்லை. பரிசோதித்ததில் முன்புற்று மாற்றம் இருந்த 1,874 பெண்களில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். வீட்டு வாசல் வரைக்கும் போய்க் கொடுக்க முன்வந்தும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பயமாக இருக்கலாம், வீட்டில் விடாமல் இருந்திருக்கலாம், நடவு நேரமாக இருந்திருக்கலாம். அவர்களில் ஒருத்தியாவது என்னைப்போல யோசித்து, தெரிந்தே காத்திருக்கலாம் என்று முடிவெடுத்திருப்பாளா? எடுத்திருந்தாலும் அட்டவணையில் அவள் வராதவள்தான். நான் எடுத்தால் அது முடிவு.

அக்காவுக்கு நான் சொன்ன பதிலைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு காரணம் கிடைக்கிறது. அவளுக்கு இனிக் குழந்தை வேண்டாம், அதனால் சிகிச்சையில் இழப்பு குறைவு. இது சரியான காரணம். இரண்டாவது, இவள் திரும்ப வரமாட்டாள் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய் நின்றவளைப் பற்றி! செக்கப் தேதியை மூன்று முறை தள்ளிப்போட்டவள் நான். காத்திருப்பதற்கு மன உறுதி வேண்டும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது சம்பளம் வெட்டாத லீவு, இன்சூரன்ஸ், நோட்டில் என் எண்ணை எழுதிக்கொள்ளும் ஒரு செவிலியர். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் 'கண்காணிக்கலாம்' என்று சொல்வது டெல்லியில் நடந்ததிலிருந்து எவ்வளவு தூரம்? அதே சமயம், இந்த மூன்றும் அவளுக்கு இல்லை என்பதையே காரணமாக்கி அவளுக்காக நான் முடிவெடுப்பதும் சுத்தமான காரியமாகத் தெரியவில்லை. நான் செய்திருக்க வேண்டியது ஐந்து நிமிடம் மீட்டிங்கை விட்டு வெளியே வந்து, "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னா, அக்கா..." என்று ஆரம்பிப்பது. அதன்பிறகும் அவள் "சரி, நீயே சொல்லு" என்றிருக்கலாம். அப்போதும் நான் அதே பதிலைச் சொல்லியிருக்கலாம்.

ஆறு மாதம் கழித்துப் போனேன். கால்போஸ்கோபியில் அந்த இடம் சுருங்கியிருந்தது. பயாப்ஸியில் ஒன்று. இன்னொரு ஆறு மாதம் என்றார் டாக்டர். சந்தோஷமாக இருந்தது. ஜெயித்துவிட்டதாக நினைக்கக்கூடாது என்றும் இருந்தது. மறுபக்கம் விழுந்திருந்தாலும் நான் எடுத்த முடிவு அதே முடிவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி காயப்போடும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு மூன்று வாரம் ஆனது, அவளுக்கு ஒரு வினாடியில் சொன்னது, எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன். ஈரப் புடவையின் மறுமுனையை என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னாள்.

"நீ வேணாம்னு சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன்மா. ரெண்டு நாள் சம்பளம் போச்சுல்ல, சும்மாவா திரும்பி வருவேன்?" பிறகு, "அதான் முடிஞ்சிருச்சே, இனிமே அந்தப் பக்கமே போக வேணாம்ல?"

"இல்லக்கா. ஒரு வருஷம் ஆனதும் திரும்ப போய்ப் பார்க்கணும். சொல்லலையா?"

"யாரும் சொல்லலையே." கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே யோசித்தாள். "எந்த மாசம் வருது? நீ உன்னோடதுக்குப் போற அன்னிக்கே வச்சிக்கலாமா?"

கையில் போனை எடுத்துப் பார்த்தேன். என்னுடையது மார்ச் இரண்டாம் வாரம். அவளுடையதற்கு அதற்கப்புறமும் இரண்டு மாதம் இருந்தது.